மூவாயிரத்துக்குள் ஃபிளாட்வவுண்ட்: பேஸ் வாசிக்கும் குமரிக்காரர்கள் என்ன போடுகிறீர்கள்?

மார்த்தாண்டம்_நாலுகம்பி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சபைக் கொயரில் மூன்று வருடமாக பேஸ் வாசிக்கிறேன். நாலு கம்பி, கம்பி அதிரும் நீளம் 34 இன்ச், ஃபெண்டர் கம்பெனியின் பிரெசிஷன் மாடல் சாயலில் வந்த விலை குறைந்த பேஸ் கிட்டார். சபையில் பேஸ் ஆம்ப் கிடையாது. நேரே மிக்சருக்குப் போய், போதகர் பிரசங்கம் செய்யும் அதே ஸ்பீக்கரில்தான் என் சத்தமும் வருகிறது. கீர்த்தனை மெதுவாகப் போகும் இடங்களில் விரல் நகரும் ஒவ்வொரு தடவையும் 'கீச்' என்கிறது. போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு பெரியவர், "மக்கா, உனக்க பொட்டிக்குள்ள எலி கிடக்குதா?" என்று கேட்டுவிட்டார்.

ஃபிளாட்வவுண்ட் கம்பி போட்டால் இது போகும் என்கிறார்கள். விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. நான் போட்டிருக்கும் ரவுண்ட்வவுண்ட் செட்டைப் போல இரண்டு மடங்கு, சிலது அதற்கும் மேலே. கையில் இருப்பது மூவாயிரம். டிசம்பர் கேரல் ரவுண்டுக்கு முன்னால் போட வேண்டும். எது வாங்கலாம்? பெயர் தெரியாத மலிவு செட் ஏதாவது தேறுமா?

வடசேரி_சால்டர்

தம்பி, பெயர் சொல்வதற்கு முன்னால் மூன்று கேள்வி. இப்போது கிட்டாரில் இருக்கும் கம்பி என்ன கேஜ், அதாவது எவ்வளவு தடிமன்? கம்பி கட்டைக்குப் பின்னாலிருந்து நுழைந்து வருகிறதா, கட்டைமேல் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜிலேயே மாட்டுகிறதா? நெக்கின் (கழுத்தின்) வளைவைச் சரிசெய்ய அதற்குள் இருக்கும் தண்டு, ட்ரஸ் ராட், திருப்பினால் திரும்புகிறதா, இறுகிக் கிடக்கிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், இரண்டு வகையிலும் நடுவில் இருப்பது எஃகுக் கம்பிதான். ரவுண்டில் அதன்மேல் உருண்டைக் கம்பியைச் சுற்றுவார்கள். சுற்றுக்குச் சுற்று நடுவே பள்ளம் விழும். அந்தப் பள்ளங்களின் மேல் விரல் ஓடும்போது கேட்பதுதான் உன் எலி. ஃபிளாட்டில் வெளிச்சுற்று பட்டையான நாடா. பள்ளமே இல்லை, எலியும் இல்லை. ஆனால் பள்ளம் இருந்த இடத்திலெல்லாம் உலோகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால் ஒரே கேஜில் ஃபிளாட் பெரும்பாலும் கனமாக இருக்கும், அதே சுருதிக்குக் கூடுதலாக இழுக்கும். விலை குறைந்த கிட்டாரின் நெக் அந்த இழுப்பைத் தாங்க வேண்டும். அதற்குத்தான் ட்ரஸ் ராட் கேள்வி.

மார்த்தாண்டம்_நாலுகம்பி

அண்ணே, 45-105 போட்டிருக்கிறேன், மெல்லிய ஜி கம்பி 45, தடித்த ஈ கம்பி 105, இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. பிரிட்ஜிலேயே மாட்டுகிற வகை. ட்ரஸ் ராட்டை இதுவரை தொட்டதே இல்லை, பயம்.

தக்கலை_டிரம்ஸ்

நான் டிரம்ஸ்காரன், ஆனாலும் சொல்கிறேன். ஃபிளாட் எல்லாம் கிழவர்கள் போடுவது. கிட்டாரில் சத்தத்தின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் டோன் குமிழைக் குறைத்து வைத்துவிட்டு வாசி. மூவாயிரம் மிச்சம்.

குளச்சல்_கடப்புறம்

டிரம்ஸ்காரர் சொல்வதில் பாதி சரி, அதற்கு அப்புறம் வருகிறேன். கிழவர் விஷயத்தில் மட்டும் தப்பு. அயர்ன் மெய்டன் என்கிற ஹெவி மெட்டல் குழுவின் பேஸ்காரர் ஸ்டீவ் ஹாரிஸ் போடுவது ஃபிளாட்தான். ரோட்டோசவுண்ட் என்கிற கம்பிக் கம்பெனி அவர் பெயரிலேயே 50-110 செட் விற்கிறது. அந்த வேகத்தில் வாசிப்பவருக்கே ஃபிளாட் போதும் என்றால் நமக்கு என்ன?

சரி, விலைக்கு வருவோம். செட் விலையைப் பார்க்காதே தம்பி, வருட விலையைப் பார். எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். ஜன்னல் கம்பியே இரண்டு வருடத்தில் செதில் செதிலாக உதிரும். நிக்கல் பூசிய ரவுண்ட் செட் எனக்கு மூன்று மாதம் தாண்டாது. இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் அதுவும் இல்லை. பள்ளத்துக்குள் வியர்வையும் உப்பும் போய்ச் சேர்ந்து, ஒரு வாரம் பெட்டிக்குள் வைத்து எடுத்தால் விரல் நுனி கறுக்கும். வருடத்துக்கு நாலு செட். நான் இப்போது போட்டிருக்கும் ஃபிளாட் ஐந்தாவது வருடம் நடக்கிறது. கணக்கை நீயே போட்டுக்கொள்.

ஃபிளாட் துருப்பிடிக்காது என்று சொல்லவில்லை. வெளி நாடா ஸ்டெயின்லெஸ் என்றாலும் உள்ளே இருப்பது வெறும் எஃகு. இரண்டு முனையிலும் துரு மெதுவாக ஏறும். வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் ஒரு துடைப்பு, பெட்டிக்குள் புதுச் செருப்புப் பெட்டியில் வருமே அந்தச் சிலிக்கா பொட்டலம் நாலைந்து. அவ்வளவுதான் நான் செய்வது.

இப்போது டிரம்ஸ்காரரின் பாதி. காசு செலவழிக்கும் முன்னால் ஒன்று செய்து பார். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் செருகு. மேல்நோக்கி லேசாகத் தொட்டால் போதும், அழுத்தக்கூடாது. டோன் குமிழை முக்கால்வாசி மூடு. சத்தம் எப்படி இருக்கிறது என்று வந்து சொல். பழைய ஃபெண்டர் பேஸ்களில் பிரிட்ஜ் மூடிக்குள் கம்பெனியே பஞ்சு வைத்துத்தான் அனுப்பியது. இது குறுக்கு வழி ஒன்றும் இல்லை.

மார்த்தாண்டம்_நாலுகம்பி

செய்து பார்த்தேன். நம்ப முடியவில்லை. அம்மா ஸ்பாஞ்சைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், அது தனிக் கதை. 'தும் தும்' என்று உருண்டு வருகிறது. நீட்டிப் பிடிக்க வேண்டிய இடத்தில் மட்டும் நோட்டு சீக்கிரம் செத்துவிடுகிறது. கீச் குறைந்தது, போகவில்லை. பாதி எலி இன்னும் உள்ளே இருக்கிறது.

வடசேரி_சால்டர்

அது போகாது. ஸ்பாஞ்ச் கம்பியின் அதிர்வைத்தான் பிடிக்கும், உன் விரலின் உராய்வை அல்ல. கொயரில் நீட்டிப் பிடிக்கும் சுரம் நிறைய என்றால் உனக்கு ஃபிளாட்தான் சரி. பாமாலைக்கு ஆர்கன் பெடல் எப்படி நிற்கும்? அதற்குப் பக்கத்தில் வரும்.

களியக்காவிளை_எல்லை

நான் திருவனந்தபுரத்தில் கச்சேரிக்குப் போகிறவன். நாலைந்து பிராண்ட் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறேன். என் காதுக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

நம்மூரில் எளிதாகக் கிடைப்பது இரண்டு. டி'அடாரியோ குரோம்ஸ், ஃபெண்டர் 9050. இரண்டும் ஸ்டெயின்லெஸ். குரோம்ஸ் புதிதில் ஃபிளாட் மாதிரியே இருக்காது, பளிச்சென்று பேசும். இரண்டு மூன்று மாதம் வாசித்தால்தான் அடங்கும். இழுப்பும் சற்றுக் கூட. அவசரப்பட்டு 'ஏமாந்துவிட்டேன்' என்று கழற்றி விற்கிறவர்கள் நிறைய. ஃபெண்டர் 9050 வழக்கமாக குரோம்ஸை விட விலை குறைவு. கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தாலும் நடுவில் ஒரு உறுமல் உண்டு, பாட்டுக்கு நடுவே காணாமல் போகாது. உன் பட்ஜெட்டுக்கு என் ஓட்டு அதற்குத்தான். 45-100 எடு. 55-105 என்று ஒன்று இருக்கிறது, அதைத் தொடாதே, ஜி கம்பி தேர் வடம் மாதிரி இருக்கும்.

ரோட்டோசவுண்ட் 77 மோனல் உலோகத்தில் செய்வது. சத்தம் அருமை, ஆனால் புதிதில் விரலை வதைக்கும் இறுக்கம். எர்னி பால் ஃபிளாட் கோபால்ட். வழவழப்பு, பளிச், விலையும் அப்படியே. தோமாஸ்டிக் வியன்னாவிலிருந்து வருவது. ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும், எல்லாவற்றையும் விட இழுப்பு குறைவு. விலையைக் கேட்டால் உன் கிட்டார் விலையில் கணிசமான பங்கு. அதை விடு.

பெயர் தெரியாத மலிவு ஃபிளாட் பற்றிக் கேட்டாயே. நான் ஒரு முறை ஆன்லைனில் வாங்கினேன். ஒரு கம்பியில் நாடா சீராகச் சுற்றப்படவில்லை. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) சுருதி எவ்வளவு சரி செய்தாலும் நிற்கவில்லை. ஏ கம்பி மட்டும் மற்றதை விடச் சத்தம். மலிவு ரவுண்ட் சொதப்பினால் மூன்று மாதத்தில் தூக்கி எறிவாய். மலிவு ஃபிளாட் சொதப்பினால் அதே சொதப்பல் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

இன்னொன்று, பெரிய பிராண்டின் பெயரிலேயே போலி வருகிறது. டி'அடாரியோ பாக்கெட்டுக்குள் ஒரு குறியீட்டு எண் இருக்கும், அவர்கள் தளத்தில் பதிந்து பார்த்தால் அசலா என்று தெரியும். அசல் விலையில் பாதிக்கு யாராவது கொடுத்தால் காரணம் இருக்கும்.

அருமனை_லோ_பி

லா பெல்லாவை விட்டுவிட்டீர்களே! அமெரிக்காவின் மோடவுன் ரெக்கார்டு கம்பெனிப் பாட்டுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது லா பெல்லா ஃபிளாட். 52-110 கேஜ், அறுந்தால் ஒழிய மாற்றவே மாட்டாராம். ஃபிளாட் என்றால் அந்தச் சத்தம்தான் எனக்கு. தம்பி, ஒரே முறை செலவழி, நல்லதை வாங்கு.

வடசேரி_சால்டர்

அருமனை அண்ணாச்சி, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் 52-110 செட்டை இந்தத் தம்பியின் கிட்டாரில் போட்டால் நடப்பது என்ன தெரியுமா? நெக்கின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் நட்டில் 105க்கு வெட்டிய பள்ளத்தில் 110 உட்காராது, மேலே நிற்கும். முதல் ஃப்ரெட்டை அழுத்தும்போது சுருதி ஏறிப்போகும். நட்டை அரம் வைத்து அறுக்க வேண்டும். நெக் வில்லாக வளையும். அந்த வளைவை எடுக்க, தொடவே பயப்படுகிற ட்ரஸ் ராட்டைத் தம்பி திருப்ப வேண்டும். ஜேமர்சன் கை பலத்துக்கு அது சரி. லா பெல்லாவிலேயே 43-104 செட் இருக்கிறது, அதைச் சொல்லியிருந்தால் ஒத்துக்கொள்வேன். மூவாயிரத்துக்குள் மட்டும் அடங்காது.

அருமனை_லோ_பி

சரி சரி, தோற்றேன். என்னுடையது ஐந்து கம்பி, அதில் ஃபிளாட் தேடுவது இதைவிடப் பெரிய பாடு. குரோம்ஸில் 45-132 கிடைக்கிறது, விலை கேட்டுவிட்டு ரவுண்டிலேயே இருக்கிறேன். பொறாமையில் பேசியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

தக்கலை_டிரம்ஸ்

ஒரு சந்தேகம். எல்லோரும் ஃபிளாட் ஃபிளாட் என்கிறீர்கள், அப்புறம் ரவுண்ட் எதற்கு வந்தது?

களியக்காவிளை_எல்லை

முதலில் இருந்ததே ஃபிளாட்தான். 1951இல் ஃபெண்டர் பிரெசிஷன் வந்தபோது ஃபிளாட்டோடுதான் வந்தது. 1966இல் தி ஹூ குழுவின் பேஸ்காரர் ஜான் என்ட்விசில் பியானோ மாதிரி கணீரென்று கேட்க வேண்டும் என்று ரோட்டோசவுண்டோடு உட்கார்ந்து உழைத்ததில்தான் ரவுண்ட் பேர் வாங்கியது. ராக் வாசிப்பவனுக்கு அந்தக் கணீர் வேண்டும். கீர்த்தனைக்கு எதற்கு? கட்டை விரலால் கம்பியை அடித்து வாசிக்கிற ஸ்லாப் அடிக்கிறவனாக இருந்தால் தம்பியிடம் ஃபிளாட் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

திங்கள்சந்தை_அக்கா

தாமதமாக வருகிறேன். ஸ்பாஞ்சும் போதவில்லை, ஃபிளாட்டும் விலை என்றால் நடுவில் ஹாஃப் ரவுண்ட் என்று ஒன்று உண்டு. ரவுண்டாகச் சுற்றி, மேல்பக்கத்தை அரைத்துத் தட்டையாக்கியது. கீச் பாதிக்கு மேல் போகும், சத்தம் ரவுண்டுக்குப் பக்கத்தில் நிற்கும். நான் இரண்டு வருடம் போட்டேன். உண்மையைச் சொன்னால் இரண்டும் கெட்டான். இப்போது கறுப்பு நைலான் சுற்றிய கம்பி. உள்ளே உலோகம் இருப்பதால் கம்பியின் அதிர்வை வாங்கும் சாதாரணக் காந்தப் பிக்கப்பே பிடித்துக்கொள்ளும், விரலுக்கு மெத்து மெத்தென்று இருக்கும், கடல் காற்றில் வெளியே துருப்பிடிக்க எதுவும் இல்லை. கம்பி தடிமன் என்பதால் நட் பிரச்சினை இதற்கும் உண்டு. தம்பிக்கு இப்போது வேண்டாம், தெரிந்து வைத்துக்கொள்ளட்டும்.

மூவாயிரத்துக்கு இன்னொரு வழி: பழைய ஃபிளாட். வேறு எந்தக் கம்பியையும் பழையதாக வாங்காதே என்பேன், ஃபிளாட்டை மட்டும் தாராளமாக வாங்கலாம். யாராவது ஆறு மாதம் வாசித்துப் பழக்கிக் கொடுத்தால் நமக்கு லாபம். களியக்காவிளைக்காரர் சொன்ன 'ஏமாந்துவிட்டேன்' கோஷ்டி விற்கும்போது பிடி.

மார்த்தாண்டம்_நாலுகம்பி

அக்கா சொன்ன மாதிரியே ஒன்று மாட்டியது. திருவனந்தபுரத்தில் ஒருவர், குரோம்ஸ் 45-100, நாலு மாதம் வாசித்தது, 1500 ரூபாய். பஸ்ஸில் போய் வாங்கி வந்துவிட்டேன். நாளை மாட்டப்போகிறேன். எல்லோருக்கும் நன்றி!

வடசேரி_சால்டர்

நில். அவர் எந்தக் கிட்டாரில் போட்டிருந்தார்?

மார்த்தாண்டம்_நாலுகம்பி

தலைப்பகுதியில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு முறுக்காணி இருந்தது. ஏன் அண்ணே?

வடசேரி_சால்டர்

போச்சு. உன் கிட்டாரில் நாலு முறுக்காணியும் ஒரே வரிசை. அதில் நட்டிலிருந்து ரொம்பத் தூரத்தில் இருப்பது ஜி. இரண்டுக்கு இரண்டு தலையில் ஜி முறுக்காணி நட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும், அந்த அளவுக்குக் கம்பியை வெட்டியிருப்பார். இஞ்ச் டேப்பை எடுத்து, குண்டு முனையிலிருந்து வெட்டிய முனை வரை அளந்து பார்.

மார்த்தாண்டம்_நாலுகம்பி

ஈ, ஏ சரியாக எட்டுகிறது. டி ஒரு சுற்றுக்கு மேல் வருகிறது. ஜி முறுக்காணியைத் தொடவே இல்லை, நாலு விரல் குறைகிறது. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மூன்று கம்பி வாங்கியிருக்கிறேன்.

தக்கலை_டிரம்ஸ்

குளச்சல் அண்ணனிடம் கொடு, வலைக்கு முடிச்சுப் போடுகிற மாதிரி ஒரு முடிச்சுப் போட்டு நீட்டித் தருவார்.

திங்கள்சந்தை_அக்கா

தம்பி, தப்பு என்மேல். அளந்து வாங்கு என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

குளச்சல்_கடப்புறம்

முடிச்செல்லாம் வேண்டாம். என்னிடம் பழைய குரோம்ஸ் செட் ஒன்று மேஜை டிராயரில் கிடக்கிறது, கேஜ் மாற்றியபோது கழற்றியது. ஜி கம்பி 45 தான், ஒரு வரிசைத் தலையில் இருந்தது. ஞாயிறு பூசைக்கு அப்புறம் வீட்டில்தான் இருப்பேன், வந்து எடுத்துக்கொள். காசு வேண்டாம். வரும்போது கிட்டாரையும் கொண்டு வா, எப்படித்தான் இருக்கிறது பார்ப்போம்.

வடசேரி_சால்டர்

நல்லது. மாட்டுவதைப் பற்றி இரண்டு வார்த்தை, இனிமேல் யாராவது புது ஃபிளாட் வாங்கினாலும் பயன்படும்.

நாலையும் ஒரே நேரத்தில் கழற்றாதே, ஒவ்வொன்றாக மாற்று. நீளமான புதுக் கம்பியை வெட்ட வேண்டி வந்தால், வெட்டும் இடத்துக்கு முன்னால் குறடு வைத்து 'ட' மாதிரி செங்குத்தாக மடக்கு, மடக்கிய பிறகுதான் வெட்டு. மடக்காமல் வெட்டினால் உள்கம்பியிலிருந்து நாடா நழுவும், கம்பி செத்தது. முறுக்காணியில் இரண்டு மூன்று சுற்று போதும். பட்டுநூல் சுற்றிய மெல்லிய பகுதிதான் அதில் சுற்ற வேண்டும், தடித்த பகுதியை வைத்து முறுக்கினால் அறுந்துபோகும். கட்டைக்குப் பின்னாலிருந்து கம்பி வரும் கிட்டார் வைத்திருப்பவர்கள் பாக்கெட்டைப் படித்துவிட்டு மாட்டவும், அந்தக் கூர்மையான மடிப்பு பல ஃபிளாட்டுகளுக்கு ஆகாது.

சுருதி ஏற்றிவிட்டு ஒரு நாள் சும்மா வை. மறுநாள் முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒன்றாக அழுத்திப் பிடித்து, ஏழு எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கு அடியில் எவ்வளவு இடைவெளி என்று பார். ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் போதும். தீப்பெட்டி அட்டையே தாராளமாகப் போனால் நெக் வளைந்திருக்கிறது. ட்ரஸ் ராட்டைக் கால் சுற்று இறுக்கு, அதற்கு மேல் ஒரே நேரத்தில் வேண்டாம். மறுபடி ஒரு நாள் விட்டுப் பார். இறுகிக்கொண்டு திரும்ப மறுத்தால் கையை எடுத்துவிட்டு யாரிடமாவது கொண்டு போ. அங்கே பலத்தைக் காட்டி நெக்கை உடைத்தவர்கள் என் பட்டறைக்கு வந்திருக்கிறார்கள்.

கம்பி மந்தமாகிவிட்டது என்று சொல்லி வெந்நீரில் போட்டு வேகவைக்கிற வேலை ரவுண்டுக்கு மட்டும். ஃபிளாட்டில் நமக்கு வேண்டியதே அந்த மந்தம்தான்.

மார்த்தாண்டம்_நாலுகம்பி

குளச்சல் போய் வந்தேன். அண்ணன் ஜி கம்பி கொடுத்தார், அவர் வீட்டில் மீன்குழம்பும் மரச்சீனியும் கொடுத்தார்கள். ட்ரஸ் ராட்டை அண்ணன்தான் கால் சுற்று திருப்பினார், நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் உடையவில்லை. விரல்தான் முதல் இரண்டு நாள் வலித்தது, இழுப்பு நிஜமாகவே கூட.

நேற்று முதல் கேரல் ரவுண்டு. லாரியில் ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே பேஸ் கேட்டதா என்று எனக்கே தெரியாது, அதனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இன்று காலை ஆராதனையில் நன்றாகத் தெரிந்தது. மெதுவான கீர்த்தனையில் கை மேலேயும் கீழேயும் போய் வந்தது, கீச் என்று ஒரு தடவைகூட இல்லை. அந்தப் பெரியவர் இன்றைக்கும் வாசலில் பிடித்தார். "எலி செத்துப்போச்சா மக்கா?" என்றார். அப்புறம், "இப்ப நீ வாசிக்கியா இல்லியான்னே தெரியல்ல" என்றும் சொன்னார். இது பாராட்டா?

தக்கலை_டிரம்ஸ்

மிக்சரில் உன் ஃபேடரைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லு.

களியக்காவிளை_எல்லை

ஃபேடரை ஏற்றும் முன்னால் டோன் குமிழைத் திற. ஸ்பாஞ்சுக்காக மூடினாயே, அது இன்னும் அப்படியே கிடக்கும்.

மார்த்தாண்டம்_நாலுகம்பி

ஐயோ. ஆமாம் அண்ணே. ஸ்பாஞ்சும் உள்ளேயே இருக்கிறது.